காண்டாக்ட் லென்ஸ்: 2006 சொன்ன பாடம்

1971-ல் அமெரிக்காவில் மென்மையான காண்டாக்ட் லென்ஸை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனம். 2006-ல் அதன் பெயர் வேறு காரணத்துக்காக அடிபட்டது. லென்ஸ் அணிந்தவர்களின் கருவிழியை ஃபியூசேரியம் என்ற பூஞ்சை தாக்கியது. முதலில் எச்சரித்தவை சிங்கப்பூரும் ஹாங்காங்கும். அமெரிக்காவில் உறுதியானவர்கள் மட்டும் 164 பேர். மூன்றில் ஒருவருக்குக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை வரை போனது.

காரணம் லென்ஸ் அல்ல, அதை ஊறவைக்கும் 'ரெனு மாய்ஸ்சர்லாக்' சொல்யூஷன் என்று சந்தேகம் எழுந்தது. மே மாதம் உலகெங்கும் அது திரும்பப் பெறப்பட்டது. பழைய சொல்யூஷனையே மறுபடி பயன்படுத்தியவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதும் ஆய்வில் தெரிந்தது.

ஆகவே தினமும் புது சொல்யூஷன், குழாய்த் தண்ணீர் கூடாது, தூங்குமுன் கழற்ற வேண்டும். கிண்டி தூசியில் பைக் ஓட்டிவிட்டுக் கண் சிவந்தால், 'மெட்ராஸ் ஐ'தான் என்று நாள் கடத்தாமல், லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே கண் டாக்டரைப் பார்ப்பது நல்லது.