காசில் நிற்கும் கட்டடங்கள்

கல்வெட்டு, செப்பேடு, நாணயம் என்று வரலாற்றுச் சான்றுகளைச் சொல்லிக் கொடுத்தே என் பணிக்காலம் கழிந்தது. அவற்றில் நாணயம்தான் மாணவர்களுக்கு எப்போதும் பிடிக்கும். இன்று ரோமானியரின் வெண்கலக் காசுகளைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

ரோமப் பேரரசின் பெரிய காசு செஸ்டெர்டியஸ். சுமார் 25 கிராம் எடை, மூன்றரை சென்டிமீட்டர் அகலம். உண்மையில் செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை. வெண்கலக் காசு என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. நான்கு சேர்ந்தால் ஒரு வெள்ளி தெனாரியஸ். முன்பக்கம் பேரரசரின் தலை. பின்பக்கம் அகலமாக இடம் இருந்ததால் கோயில், துறைமுகம், வளைவு எல்லாம் அதில் ஏறின.

கொலோசியத்தை கி.பி. 80-இல் திறந்துவைத்தவர் டைட்டஸ். அவர் வெளியிட்ட காசில் அரங்கின் வெளிச்சுவரும் தெரிகிறது, மேலிருந்து எட்டிப் பார்த்ததுபோல் உள்ளே கூட்டமும் தெரிகிறது. மக்கள் தலைகள் புள்ளி புள்ளியாக! வளைவுகளுக்குள் சிலைகளும் உண்டு. இன்று ரோமுக்குப் போனால் அந்த வளைவுகள் வெறுமையாக இருக்கும்.

டிராஜனின் வெற்றித்தூண் கி.பி. 113-இல் எழுந்தது. காசில் அதன் உச்சியில் டிராஜனே நிற்கிறார். அந்தச் சிலை என்றோ போய்விட்டது. 1587 முதல் அங்கே நிற்பவர் புனித பேதுரு.

இதற்காகக் காசு சொல்வதை எல்லாம் நம்பிவிடக் கூடாது. இடம் போதாவிட்டால் அச்சு வெட்டுபவர் தூண்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுவார். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு.

ரோமில் ஜேனஸ் கோயில் என்று ஒன்று இருந்தது. போர்க்காலத்தில் அதன் கதவு திறந்திருக்கும். எங்கும் அமைதி என்றால்தான் மூடுவார்கள். நீரோவின் காசில் மூடிய இரட்டைக் கதவும், மேலே தொங்கும் மாலையும் தெளிவாக இருக்கின்றன. நிலத்திலும் கடலிலும் அமைதி கண்டு கதவை மூடினார் என்று சுற்றிலும் எழுத்து. ஆனால் கி.பி. 66-இல் யூதேயாவில் ரோமுக்கு எதிராகப் பெரும் கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்கும் போர் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

அந்தக் கோயில் இன்று இல்லை. அது எப்படி இருந்தது என்று நமக்குக் காட்டுவது இந்தக் காசுதான். கோயிலைப் பற்றி நல்ல சாட்சி. அமைதியைப் பற்றி அரசாங்க விளம்பரம். ஒரே காசு இரண்டாகவும் இருக்கிறது.

அதனால் ஒரு சான்று கைக்கு வந்தால், இதில் என்ன இருக்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். இதை யார், எதற்காக வெளியிட்டார்கள் என்றும் கேளுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.