ஆளுக்கு ஆள்

2025 நவம்பர் 15 அன்று சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு ஐபிஎல் போட்டியில் பத்தாவது இடம், அதாவது கடைசி இடம் பிடித்த அணி அது. அதனால் ஆட்டமே இல்லாத மாதங்களில் யாரைக் கொடுப்பது, யாரை வாங்குவது என்ற கணக்கை ரசிகர்கள் ஆளாளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜடேஜாவுக்கு 37 வயதாக மூன்று வாரம் இருந்தது. சாம்சனுக்கு 31 முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஒருவருக்கு 14 கோடி, மற்றவருக்கு 18 கோடி, கரனுக்கு 2.4 கோடி. இந்தக் கணக்குப் பித்து அமெரிக்கக் கூடைப்பந்திலிருந்து தொலைக்காட்சி ஏலம் வழியாக நம்மைத் தொற்றிய புது நோய் என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. பாதி உண்மைதான். கணக்கு போடும் முறை அங்கிருந்து வந்தது. ஆனால் வில்லிவாக்கம், பாடி, அம்பத்தூர், ஆவடி என்று நீளும் சென்னையின் மேற்குப் பகுதிக்கு அதற்கு வெகு முன்பிருந்தே சொந்தமாக ஒரு கணக்கு இருந்தது. அதை முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் போடவில்லை என்பதுதான் வித்தியாசம்.

முதலில் அமெரிக்கக் கணக்கைப் பார்த்துவிடலாம். ஓர் அணி எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்றால் ரசிகனுக்கு விவாதிக்க ஒன்றுமில்லை. நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரையும் வாங்கு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். செலவுக்கு வரம்பு வந்த பிறகுதான் புதிர் பிறக்கிறது. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ 1984-85 பருவத்தில் அணிக்கு 36 லட்சம் டாலர் என்று சம்பள வரம்பு வைத்தது. வரம்பைத் தாண்டிய அணி ஆள் மாற்றிக்கொள்ள வேண்டுமானால், போகிறவரின் சம்பளமும் வருகிறவரின் சம்பளமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். அன்றிலிருந்து ரசிகன் பாதி கணக்குப்பிள்ளை. ஐபிஎல் 2008இல் 50 லட்சம் டாலர் வரம்போடு தொடங்கியது. 2009இல் ஜாகீர் கானும் ராபின் உத்தப்பாவும் அணி மாறிக்கொண்டார்கள். 2025க்கான வரம்பு 120 கோடி ரூபாய். இந்த வரிசையில் சொல்லாமல் விடப்படுவது ஆட்டக்காரரின் குரல். பேஸ்பால் வீரர் கர்ட் ஃப்ளட், தன்னைக் கேட்காமல் 1969இல் வேறு ஊர் அணிக்கு மாற்றியதை எதிர்த்து வழக்குப் போட்டு, 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். கூடைப்பந்தில் ஆஸ்கர் ராபர்ட்சன் 1970இல் தொடங்கிய வழக்கு, 1976இல் சமரசமாக முடிந்த பிறகுதான் ஒப்பந்தம் தீர்ந்தவர் விரும்பிய அணிக்குப் போக வழி பிறந்தது. அப்போதும் ஒப்பந்தக் காலத்துக்குள் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. 2025 பிப்ரவரியில் டல்லஸ் அணி லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பியபோது இது உலகத்துக்கே விளங்கியது.

இனி நம் பக்கம். 1955 அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் ஐசிஎஃப் என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ், பாடியில் லூகாஸ் டிவிஎஸ், ஆவடியில் ராணுவ உடைத் தொழிற்சாலை, டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை, 1960களில் அம்பத்தூர் எஸ்டேட் என்று அரக்கோணம் போகும் தண்டவாளத்தை ஒட்டி இருபது ஆண்டுக்குள் ஒரு தொழிலாளர் சமூகம் உருவானது. கூடைப்பந்து சென்னைக்குப் புதிதல்ல. அந்த ஆட்டம் பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் படித்த ஹாரி குரோ பக் 1920இல் இங்கே ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தது கல்லூரி என்றால், ஆட்டக்காரருக்குச் சோறு போட்டது ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, ஐஓபி, வருமான வரி, சுங்கம் போன்ற நிறுவன அணிகள். இந்தியப் பெண்கள் அணியின் தலைவியாக இருந்து 2021இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை தெற்கு ரயில்வே ஊழியர். இங்கேயும் வரம்பு இருந்தது. ரூபாயில் இல்லை, காலியிடத்தில். 1980 ஆகஸ்ட் 4 தேதியிட்ட மத்திய அரசின் ஆணை, விளையாட்டு ஒதுக்கீட்டு நியமனத்துக்கு நேரடித் தேர்வு இடங்களில் ஐந்து விழுக்காடு என்று எல்லை போட்டது. இருக்கிற இரண்டோ மூன்றோ இடத்தில் உயரமானவனை எடுப்பதா, பந்தை நன்றாகக் கடத்துபவனை எடுப்பதா என்பது 120 கோடிக்குள் யாரை வாங்குவது என்பதற்குச் சற்றும் குறையாத புதிர். ஒரு முக்கியமான வேறுபாடு: ஐபிஎல் அணி வாங்குவது மூன்று பருவத்தை; ஐசிஎஃப் வாங்கியது ஓய்வு வயது வரையிலான ஆயுளை. முட்டி தேய்ந்த பிறகும் அவர் தலைமை எழுத்தராகப் பதவி உயர்வு பெறுவார். ஆகவே அன்றைய பேச்சில் ஒருவனுடைய மதிப்பு என்பது வேலை கிடைத்ததா, எந்த கிரேடில், பர்மனென்ட்டா என்பதுதான்.

ஆளுக்கு ஆள் மாற்றுவதும் இந்தப் பகுதிக்குத் தெரியாத விஷயமில்லை. ரயில்வேயில் மியூச்சுவல் டிரான்ஸ்ஃபர் என்பார்கள். மாநில அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் மனமொத்த மாறுதல். ஒரே பதவியில் வேறு வேறு ஊரில் இருக்கும் இருவர், தங்களுக்குள் பேசி ஒத்துக்கொண்டு, சேர்ந்து விண்ணப்பம் கொடுத்து இடம் மாறிக்கொள்வது. ரயில்வே விதிப்படி மாறி வந்தவர் பழைய சீனியாரிட்டியை அப்படியே கொண்டுவர முடியாது. தன்னுடையது, இடம் மாறிக்கொண்டவருடையது, இரண்டில் எது குறைவோ அதுதான் அவருக்கு. லாபமும் நட்டமும் துல்லியமாக எடைபோடப்பட்ட ஒரு பரிமாற்றம். அதைத் தொடங்குவது நிர்வாகமல்ல, மாறப்போகிறவர்கள். என்பிஏவின் ஆள்மாற்றமும் இதுவும் ஒரே கணக்குதான். பேனா யார் கையில் என்பதில் நேர் எதிர். ரயில்வே குவார்ட்டர்ஸில் இப்படிப்பட்ட கணக்கைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, யார் போனால் யார் வரலாம் என்ற பேச்சைக் கற்றுத்தர அமெரிக்கா தேவைப்பட்டிருக்காது.

அந்தக் காலத்தைத் தங்கமாக்கிக் காட்டுகிறேன் என்று யாரேனும் சொல்லலாம். நியாயம் உண்டு. சிபாரிசு இல்லாமல் காலியிடம் கண்ணில் படாத நாட்கள் அவை. திறமைக்கு ஏற்ற பணமும் இல்லை. பதினைந்து ஆண்டு உழைத்த நட்சத்திரத்துக்கும் பக்கத்து மேசைக்காரருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம். ஜடேஜாவை அந்த மேசைக்குத் திருப்பி அனுப்ப யாரும் கேட்கமாட்டார்கள். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: ஐபிஎல் மாற்றத்துக்கு வீரரின் சம்மதம் விதிப்படியே வேண்டும், பிறகு பேனா அவர் கையில் இல்லை என்பானேன்? சம்மதம் வேண்டும் என்பது சரி. ஆனால் தானாகப் பேரம் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு அதே ஜடேஜா சாட்சி. ராஜஸ்தானில் இருந்தபடி மும்பையுடன் பேசினார் என்று 2010 பருவம் முழுவதும் அவருக்குத் தடை விதித்தார்கள். தலையசைக்கலாம், தொடங்கக் கூடாது. ஒத்துக்கொள்வதும் தொடங்குவதும் ஒன்றல்ல.

இரண்டு உலகங்களுக்கும் நடுவில் சுவர் இருந்ததாகவும் நினைக்க வேண்டாம். சூப்பர் கிங்ஸைத் தொடங்கிய இந்தியா சிமென்ட்ஸ், அதற்கு முன்பே சென்னை கிரிக்கெட் லீக்கில் அணிகள் நடத்திய நிறுவனம். தோனி கரக்பூரில் ரயில்வே டிக்கெட் பரிசோதகராக இருந்து, ஏர் இந்தியாவுக்குப் போய், பிறகு இந்தியா சிமென்ட்ஸில் துணைத் தலைவர் பதவி பெற்றவர். ஏலத்தில் 15 லட்சம் டாலருக்குப் போனவரின் தனிக்கோப்பில் நியமன ஆணைகளும் இருந்தன. ரசிகன் உட்காரும் நாற்காலி மாறியது மெல்லத்தான். அம்பத்தூரில் லேத் பட்டறைகளுக்கு நடுவே கணினி நிறுவனங்கள் எழுந்தன. காண்ட்ராக்ட் ஆட்கள் பெருகினர். 2021 அக்டோபர் 1 அன்று ஆவடித் தொழிற்சாலைகளும் அரசுத் துறை என்ற நிலையிலிருந்து நிறுவனங்களாக்கப்பட்டன. நிரந்தர வேலை அரிதானதால்தான் ரசிகன் முதலாளியைப் போலப் பேசுகிறான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. தொலைக்காட்சிக்கும் அதில் பங்குண்டு. ஆனால் 37 வயதுக்காரரைக் கழித்துவிடு என்று தயங்காமல் சொல்ல, வேலை என்பது சில ஆண்டு ஒப்பந்தம் என்ற பேச்சு முதலில் காதுக்குப் பழகியிருக்க வேண்டும்.

கூடைப்பந்தில் மட்டும் இந்தப் பேச்சு இன்னும் இங்கே வேர் பிடிக்கவில்லை. சென்னை ஸ்லாம், சென்னை ஹீட் என்று தொழில்முறை அணிகள் வந்தும் அவற்றுக்காகக் கற்பனை மாற்றங்கள் போடுவோர் அரிது. ரசிகர் குறைவு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், இந்திய ஆட்டக்காரர் பலருக்கு லீக் என்பது சில வாரச் சம்பளம்; ஆண்டு முழுவதற்குமான சம்பளம் ரயில்வேயிலோ வங்கியிலோ காவல் துறையிலோ இருக்கிறது. அந்த மேசையிலிருந்து அவரைப் பெயர்த்து வேறு ஊருக்கு மாற்ற எந்த அணி உரிமையாளராலும் முடியாது. வேண்டுமானால் அவரே ஜோடி தேடி, சீனியாரிட்டியை விட்டுக்கொடுத்து, விண்ணப்பம் போட்டுக்கொள்ளலாம்.