இருட்டில் குறி: வேட்டைத் துப்பாக்கியும் அந்தி வெளிச்சமும்

வேட்டைத் துப்பாக்கியின் தொலைநோக்கிக்கு முன்கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர் வேண்டும் என்பது அடிப்படையில் அந்தி வெளிச்சத்தைப் பற்றிய கேள்வி. காட்டுப்பன்றி கொல்லையில் இறங்குவதும் சிறுத்தை இரை தேடிப் புறப்படுவதும் பொழுது சாய்ந்த பிறகுதான். கண்ணுக்கு உருவம் மங்கும் அந்த நேரத்தை வேட்டைக்காரர்கள் பல வழிகளில் சமாளித்தார்கள். லென்ஸ் அவற்றுள் கடைசியாக வந்தது.

செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே அவலூர்பேட்டையைச் சுற்றியுள்ள நிலம் பாறைக் குன்றும் முட்புதரும் கலந்தது. முயல், கவுதாரி, பன்றி ஆகியவற்றுக்கு ஏற்ற கரடு. தமிழகத்தின் இத்தகைய காடுகளில் நரிக்குறவர்கள் வாய்வழி கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியோடு வேட்டையாடினர். குழலில் கருமருந்தைக் கொட்டி, அதன்மேல் நாரையோ துணியையோ வைத்துக் கம்பியால் இடித்து இறுக்கி, பிறகு ரவையைப் போட்டு, மறுபடி அடைக்க வேண்டும். ஒரு வெடிக்கு இத்தனை வேலை என்பதால் தவறவிட மனம் வராது. ரவை 30, 40 மீட்டருக்குள்தான் பலன் தரும். ஆகவே திறமை முழுவதும் நெருங்கிப் போவதில் இருந்தது. காற்றின் திசை, தடம், பறவையின் குரலைப் போலவே எழுப்பும் ஓசை ஆகியவையே அவர்களுடைய தொலைநோக்கி.

பெரிய விலங்குக்குப் பரண் கட்டினார்கள். நிலவு உள்ள இரவைத் தேர்ந்தார்கள். குழல் நுனிக் குறிமுள் தெரிவதற்கு வெள்ளைத் துணியோ சுண்ணாம்போ வைப்பதும் உண்டு. பின்னர் டார்ச் விளக்கு வந்தது. 1954இல் வெளியான நூலில் ஜவளகிரி ஆட்கொல்லிப் புலியைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சன், .405 வின்செஸ்டர் துப்பாக்கியில் டார்ச்சைப் பொருத்திக்கொண்டு காத்திருந்தவர். ஒளி பட்டதும் விலங்கின் கண்கள் மின்னும். சில அடி தூரத்தில் இருப்பதற்கு உருப்பெருக்கம் எதற்கு?

தொலைநோக்கிக்கோ வேறு சிக்கல்கள் இருந்தன. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்புகளைக் கடப்பதற்குள் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 1935இல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சைக் கண்டுபிடித்த பின்னரே இந்த இழப்பு வெகுவாகக் குறைந்தது. அதற்குப் பிறகும் முன்கண்ணாடியின் அளவு முக்கியமாகவே இருந்தது. அதன் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 4 மடங்கு, 32 மி.மீ. என்றால் 8 மி.மீ.; 6 மடங்கு, 42 என்றால் 7; 8 மடங்கு, 56 என்றாலும் 7. இருட்டில் இளைஞரின் கண்மணி ஏறத்தாழ 7 மி.மீ. விரியும், வயது ஏற ஏற 5 மி.மீ. அளவுக்குச் சுருங்கும். அதற்கு மேல் வரும் ஒளி கண்ணுக்குள் நுழையாது. கண்மணியை நிரப்பும் ஒளியோடு கூடுதல் உருப்பெருக்கமும் கிடைப்பதால்தான் ஐரோப்பாவில் இரவில் பன்றிக்குக் காத்திருப்பவர்கள் 8x56ஐ விரும்பினார்கள். ஆனால் 56 மி.மீ. கண்ணாடி கனமானது. அதைக் குழலிலிருந்து உயரத் தூக்கி மாட்ட வேண்டும். கன்னம் கட்டையில் சரியாகப் படியாது. காட்டில் நடந்து வேட்டையாடுபவருக்கு 32 அல்லது 40 மி.மீ. போதும் என்பது நியாயமான முடிவு.

இந்தக் கணக்கு தமிழகத்தில் வேரூன்றுவதற்குள் வேட்டையே முடிவுக்கு வந்தது. நீலகிரியில் 1879ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டைக்குக் காலவரம்பு விதித்தது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் உரிமங்களைக் குறுக்கியது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. சட்டம் தேவையானதுதான். ஆனால் அதன் சுமை பங்களா வேட்டைக்காரரைவிட நரிக்குறவர் மேல்தான் கூடுதலாக விழுந்தது. ஒரு தலைமுறைக்குள் அவர்கள் ஊசிமணி, பாசிமணி விற்பனையைப் பெரிதும் நம்ப வேண்டியதாயிற்று.

வேட்டை முடிந்தாலும் பன்றிச் சிக்கல் முடியவில்லை. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைக் கட்டுப்படுத்த 2025 ஜனவரியில் தமிழக அரசு ஆணை வெளியிட்டது. அதன்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் மட்டும் சுடலாம்.