இங்கிலாந்தின் சிறுதோட்டங்களும் நியாயக் குத்தகையும்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டிலும், ஊர்ப் பொதுவாய்க் கிடந்த மேய்ச்சல் தரைகளைப் பார்லிமெண்டுச் சட்டங்களின் பலத்தால் வேலியிட்டு வளைத்துக்கொண்ட ஆங்கில நிலப்பிரபுக்கள், அதனால் பசுவையும் விறகையும் இழந்து வெறுங் கூலியாளாகிவிட்ட குடியானவனுக்குச் சிறிதளவு நிலமேனும் விட வேண்டுமென்று எண்ணத் தலைப்பட்டதற்குக் கருணையைக் காட்டிலும் அச்சமே பெருங் காரணம். கிரேட் சாமர்ஃபோர்டில் ஏழைகளுக்காக 1809-லேயே தோட்டங்கள் அமையப் பாடுபட்ட ஸ்டீபன் டெமேன்பிரே பாதிரியார் போன்ற உத்தமர்கள் சிலர் இருந்ததுண்டு. ஆயினும் 1830-இல் தென் ஜில்லாக்களின் கூலியாட்கள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்து, வைக்கோற்போர்களுக்குத் தீயிட்ட பின்னரே, ‘அலாட்மெண்ட்’ என்னும் இத்தோட்டத் துண்டுகளைக் குத்தகைக்கு விடும் வழக்கம் மும்முரமாகப் பரவிற்று. சட்டத்தின் தயாளமும் அளவோடுதான் இருந்தது: 1845-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் 1869-க்குள் வளைக்கப்பட்ட சுமார் 6,15,000 ஏக்கரில், ஏழைகளின் தோட்டத்துக்கென ஒதுக்கியது ஏறக்குறைய 2,200 ஏக்கரே.

இத்துண்டுகளுக்கு எது நியாயமான குத்தகை என்ற கேள்விக்கு 1832-ஆம் வருஷத்துச் சட்டம் கூறிய விடை மிக எளியது: அதே ஊரில் அதே தரமுள்ள நிலம் என்ன குத்தகைக்குப் போகிறதோ அதுவே இதற்கும். ஆனால் தனியார் நிலங்களில், பக்கத்து வயலைப் பெரும்பண்ணைக்காரனுக்கு விட்ட விகிதத்தைவிட, ஏழையின் கால் ஏக்கருக்கு வாங்கிய விகிதம் பெரும்பாலும் அதிகமாகவே இருந்தது. தசமபாக வரியும் ஊர்வரியும் அதிலேயே அடக்கம், நடைபாதைக்கும் வேலிக்கும் நிலம் வீணாகிறது, பலரிடம் சில்லறையாக வசூலிக்கும் சிரமம் வேறு என்று நிலக்காரர்கள் சமாதானம் சொன்னார்கள். அதில் ஓரளவு உண்மையுண்டு. எனினும், பகலெல்லாம் பண்ணையில் உழைத்துவிட்டு அந்திவேளையில் மண்வெட்டியால் கொத்தி, தன் பன்றித் தொழுவத்து எருவைச் சுமந்து கொட்டி, உருளைக்கிழங்கு விளைவித்தவனுடைய உடலுழைப்பின் பயனில் ஒரு பங்கும் நிலத்தின் பெயரால் அக்குத்தகையில் வசூலாயிற்று என்பதே என் அபிப்பிராயம். வேலைக்காரன் தன் தெம்பையெல்லாம் தோட்டத்திற்குச் சேமித்துவைப்பான் என்று பண்ணைக்காரர்கள் ஆட்சேபித்தது தனி வேடிக்கை. ஜான் ஸ்டூவர்ட் மில்லோ 1848-இல் வெளியிட்ட பொருளாதார நூலில் வேறொரு கோணத்திலிருந்து இம்முறையையே கண்டித்தார்: தோட்டத்தின் விளைச்சல் கிடைக்கிறதென்பதால் கூலி குறைந்துபோகும் என்பது அவர் வாதம்.

இந்தத் துண்டு நிலங்களுக்கு மந்திரி சபையைக் கவிழ்க்கும் சக்தியும் இருந்தது. 1886 ஜனவரியில், கூலியாட்களுக்கு இத்தகைய நிலம் கிடைக்க வழிசெய்யவில்லையென்று பார்லிமெண்டு அங்கத்தினர் ஜெஸ்ஸி காலிங்ஸ் கொண்டுவந்த திருத்தத் தீர்மானத்தினால் ஸால்ஸ்பரி பிரபுவின் சர்க்கார் வீழ்ந்தது. 1908-ஆம் வருஷத்துச் சட்டம் தோட்டம் அளிக்கும் கடமையை ஸ்தல ஸ்தாபனங்களின்மேல் சுமத்திற்று. வழக்கமான துண்டு பத்து ‘ராட்’. நம் கணக்கில் ஆறேகால் சென்ட், சென்னைவாசிகளுக்குச் சொன்னால் ஒரு கிரவுண்டுக்குச் சற்று அதிகம்.

இவையெல்லாம் கூலியாளுக்கான தோட்டங்கள். ஆனால் பர்மிங்ஹாம் நகரின் ஓரத்தில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வியாபாரிகளும் கைத்தொழிலாளரும் வருஷத்துக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், கொடுத்துத் தோட்டம் வைத்திருந்தார்கள். குத்தகைத் தொகையே பெயராகி அவை ‘கினித் தோட்டங்கள்’ எனப்பட்டன. பூவும் பழமும் பொழுதுபோக்கும் நாடியவர்களுக்கு அது உல்லாசச் செலவு. கூலியாளுக்கோ குத்தகை என்பது அடுப்பிலேறும் பண்டத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது. ஆகவே, ஒரு குத்தகை நியாயமானதா என்பதை மண்ணின் தரத்தை மட்டும் கொண்டு தீர்மானித்துவிட முடியாது.

1950-ஆம் வருஷத்துச் சட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டதாகத் தோன்றுகிறது. தோட்டமாகவே பயன்படுத்துவதற்கு, விட்டிருக்கும் நிபந்தனைகளின்படி, குத்தகைக்காரன் எவ்வளவு கொடுப்பானென்று நியாயமாக எதிர்பார்க்கலாமோ அதுவே குத்தகை என்றது அது. மனைநிலத்தின் விலை அங்கே நுழைய இடமில்லை. விசேஷக் கஷ்டமுள்ளவருக்குக் குறைத்துக் கொடுக்கவும் இடம் வைத்தது. பின்னர், பேராசிரியர் ஹாரி தார்ப் தலைமையிலான குழு 1969-இல் இவற்றைப் பொழுதுபோக்குத் தோட்டங்களாகக் கருதச் சொல்லிற்று. ரெய்கேட்–பான்ஸ்டெட் நகரசபை குத்தகையைப் பன்மடங்கு உயர்த்தியதைப் பற்றிய 1981-ஆம் வருஷத்து வழக்கில் நீதிமன்றமும், சபை நடத்தும் மற்றப் பொழுதுபோக்குகளோடு ஒப்பிடாமல் தோட்டக்காரர்களின்மேல் மட்டும் அளவுமீறிச் சுமை ஏற்றலாகாது என்றது. முட்டைக்கோசை நீச்சல்குளத்தோடு நிறுக்கும் இந்த அளவுகோல் எனக்கு முற்றும் உடன்பாடன்று. வீட்டு உணவை ஓரளவேனும் தோட்டத்திலிருந்து பெறும் குடும்பத்தை அது மறந்துவிடுகிறது. ஆயினும், செலவு முழுவதையும் குத்தகையாக ஈடுகட்டத் துணியும் சபைகளுக்கு அது ஒரு கடிவாளமாயிற்று. ஆண்டுக் குத்தகை 25 ஷில்லிங்குக்கு மேற்பட்டால் மூன்று மாதத் தொகைக்கு அதிகமாக முன்பணம் கேட்கலாகாதென்று 1950-இல் விதித்த வரம்பும், நாணய முறை மாறிய பின் ஒன்றேகால் பவுன் என உருமாறி, சட்டப் புத்தகத்தில் இன்றும் இருக்கிறது.