நிறம் மரத்தில் இல்லை

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தப்பு பண்ணினேன். அப்பாவின் வால்வ் ரேடியோவைப் புதுசு மாதிரி ஆக்குகிறேன் என்று உட்கார்ந்து, பெட்டி முழுவதையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டேன். ஓரங்களில் கரும்பழுப்பு, நடுவில் தேன் நிறம் என்று இருந்த பெட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் பழப்பெட்டி மாதிரி வெளிறிப்போனது. அம்மா பார்த்துவிட்டு, "இது நம்ம ரேடியோவாடா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த நிறம் எங்கே போச்சு? அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு.

நிறம் மரத்தில் இருக்கும், பாலிஷ் வெறும் பளபளப்புக்கு என்றுதான் நினைத்திருந்தேன். பழைய நாற்காலி, மேஜைகளுக்குப் பெரும்பாலும் அது சரி. அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொட்டலத்தால் திரும்பத் திரும்பத் தேய்ப்பது பிரெஞ்ச் பாலிஷ். அந்த அரக்குக்கு உலகம் நம்பியிருந்தது பெரும்பாலும் இந்தியாவைத்தான். ராஞ்சி பக்கத்தில் நாம்கும்மில் 1924-இல் அரக்கு ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார்கள். ஆனால் பிரெஞ்ச் பாலிஷ் கைவேலை. ஒரு பெட்டிக்கே நாட்கணக்கில் ஆகும். ரேடியோவை ஆயிரக்கணக்கில் தயாரிக்கும் தொழிற்சாலைக்கு அது கட்டுப்படியாகாது.

வழி கார் தொழிலில் இருந்து வந்தது. டூபான்ட் நிறுவனத்தின் 'டூகோ' லேக்கரை 1923-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓக்லண்ட் கார்களுக்கு அடித்தது. அதன் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ்: பஞ்சை அமிலத்தில் பதப்படுத்திக் கிடைப்பது, புகையில்லா வெடிமருந்தின் நெருங்கிய சொந்தம். வாரக்கணக்கில் காய வேண்டியிருந்த கார் பெயின்ட் வேலை மணிக்கணக்கில் முடிந்தது. மரச்சாமான் தொழிற்சாலைகளும் லேக்கரையும் ஸ்ப்ரே கன்னையும் பிடித்துக்கொண்டன.

அடுத்து 1929-இன் பங்குச்சந்தைச் சரிவு. வாங்குபவர் கையில் காசில்லை. ரேடியோ விலை இறங்கியாக வேண்டும். 1930-இல் ஃபில்கோ கொண்டுவந்த 'பேபி கிராண்ட்', தேவாலய ஜன்னல் போல மேலே வளைந்த மேஜை ரேடியோ, அந்தக் காலத்துப் பிள்ளை. இப்படிப்பட்ட பெட்டிகளில் கண்ணில் படும் முகப்புக்கு மட்டும் வால்நட் போன்ற நல்ல மரத்தின் மெல்லிய வெனீர். மற்ற இடங்களில் மலிவு மரம். இரண்டும் ஒன்றாகத் தெரிய என்ன வழி? லேக்கரிலேயே நிறத்தைக் கலந்து அடித்தார்கள். இதற்கு டோனர் என்று பெயர். ஓரங்களில் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக அடித்தால் பெட்டிக்கு ஒரு நிழல் கிடைக்கும். சில மாடல்களில் மர வரிகளையே அச்சடித்து ஒட்டவைத்தார்கள். அதுதான் போட்டோ ஃபினிஷ்.

இப்போது புரிந்திருக்கும். நான் சுரண்டியது அழுக்கை இல்லை, வடிவமைப்பையே. பேக்கப் எடுக்காமல் டெலீட் அடித்த கதை.

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு ரேடியோ இருந்தால், உப்புத்தாளை எடுக்காதீர்கள். முதலில் ஈரத்துணியால் மெதுவாக அழுக்கை மட்டும் எடுங்கள். பிறகு கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட். பூச்சு உடனே இளகிப் பிசுபிசுத்தால் அரக்கு. அசையாமல் நின்று, லேக்கர் தின்னருக்கு இளகினால் நைட்ரோசெல்லுலோஸ். இது பெரிய வரம். தின்னர் பட்டால் பழைய பூச்சே கரைந்து, மறுபடி படியும். ஆகவே முதலைத்தோல் மாதிரி வெடித்த பூச்சைக்கூட, பொறுமையாகச் செய்தால், அதைக் கொண்டே சரிசெய்ய முடியும். அச்சடித்த வரி என்று சந்தேகம் வந்தால் மட்டும் எதையும் போட்டுத் தேய்க்க வேண்டாம். போனால் போனதுதான்.

போன மாதம் டயல் பல்பை மாற்ற முகப்புத் தகட்டைக் கழற்றினேன். அதன் அடியில், உப்புத்தாள் போகாத இடத்தில், விரல் அகலத்துக்குப் பழைய நிறம் அப்படியே இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டோனர் கலந்தேன். நாலு முறை தப்பி, அஞ்சாவது முறை கிட்டத்தட்ட வந்தது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பரவாயில்ல" என்றார்.

அந்த விரல் அகலத்தின் மேல் மட்டும் புதுப் பூச்சு அடிக்கவில்லை.