ஹை புரோட்டீன், லோ ஃபேட் சீஸ்கேக்: பெங்களூரு வீட்டு கிச்சனில் நிஜமாகவே சாத்தியமா?

ஜிம் முடித்துவிட்டு கோரமங்கலாவிலோ இந்திராநகரிலோ ஒரு கஃபேவுக்குள் நுழைகிறீர்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் 'ஹை புரோட்டீன்' என்று எழுதிய சீட்டோடு ஒரு இனிப்பு உட்கார்ந்திருக்கிறது. காலையில் ட்ரெட்மில்லில் பட்ட பாடு வீணாகாது என்ற நம்பிக்கையில் வாங்கிவிடுகிறோம். ஆனால் எத்தனை கிராம் இருந்தால் அது 'ஹை'? எத்தனை கிராமுக்குள் இருந்தால் அது 'லோ'?

இதற்கு இந்தியாவில் சட்டப்படியே ஒரு கோடு உண்டு. வீட்டில் செய்யும் சீஸ்கேக் அந்தக் கோட்டைத் தொடுமா என்று பார்க்கலாம்.

யார் போட்ட கோடு?

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், அதாவது எஃப்எஸ்எஸ்ஏஐ. (2023 மார்ச்சில் தயிர் பாக்கெட்டில் 'தஹி' என்று போடச் சொல்லி, தமிழ்நாடும் கர்நாடகாவும் ஒரே குரலில் எதிர்த்ததும் பின்வாங்கியதே, அதே ஆணையம்தான்.) விளம்பரங்களுக்கான அதன் 2018 விதிகளின்படி, திட உணவை 'லோ ஃபேட்' என்று சொல்ல 100 கிராமில் கொழுப்பு 3 கிராமைத் தாண்டக் கூடாது. 'ஹை புரோட்டீன்' என்று சொல்ல, ஒரு நாளுக்குப் பரிந்துரைக்கப்பட்ட புரதத்தில் 20 சதவீதமாவது 100 கிராமில் இருக்க வேண்டும்.

ஐசிஎம்ஆர் - தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். 65 கிலோ ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம். அதில் 20 சதவீதம் 10.8 கிராம்.

ஆக, நம் இலக்கு: 100 கிராமில் புரதம் 10.8-க்கு மேல், கொழுப்பு 3-க்குக் கீழ். வழக்கமான சீஸ்கேக்கில் நிலைமை தலைகீழ்: கொழுப்பு சுமார் 22 கிராம், புரதம் ஐந்தரை.

கொழுப்பை எடுத்தால் என்ன ஆகும்?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். க்ரீம் சீஸில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. அது ருசிக்கு மட்டும் இல்லை. பால் புரதமும் முட்டைப் புரதமும் சூட்டில் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளாமல் நடுவில் நின்று தடுப்பதும் அதுதான். அதை எடுத்துவிட்டால் புரதங்கள் நெருங்கி, தண்ணீரை வெளியே தள்ளிவிடும். பால் திரிவது மாதிரிதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கேக்கைச் சுற்றித் தண்ணீர் நிற்பதும், வாயில் வைத்தால் மணல் மாதிரி நறநறப்பதும் இதனால்தான்.

சர்க்கரைக்கும் இதில் வேலை இருக்கிறது. புரதம் இறுகுவதை அது தாமதப்படுத்தும். அதனால் சர்க்கரையை மொத்தமாக நீக்கிவிட்டு ஸ்டீவியாவோ சுக்ரலோஸோ போட்டால், இனிப்பு வரும், மிருதுத்தன்மை வராது. எடைக் கட்டுப்பாட்டுக்காக இத்தகைய இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் பரிந்துரைத்ததையும் நினைவில் வையுங்கள். ஒரு முழு கேக்குக்கு 80 கிராம் சர்க்கரை போதும்.

எந்தப் பால் வாங்குவது?

நந்தினி நீல பாக்கெட்டும், ஊரில் நீங்கள் பார்த்துப் பழகிய ஆவின் நீல பாக்கெட்டும் டோன்டு பால்தான், இரண்டிலும் 3 சதவீதம் கொழுப்பு. கேட்கும்போது கம்மியாகத் தெரியும். ஆனால் தயிரை வடிகட்டும்போது தண்ணீர்தான் போகும், கொழுப்பு முழுக்கத் துணியிலேயே தங்கிவிடும். ஒன்றரை லிட்டர் நீல பாக்கெட் பாலை 500 கிராம் கெட்டித் தயிராக்கினால் அதில் 45 கிராம் கொழுப்பு. அங்கேயே ஆட்டம் முடிந்தது.

எனவே 'ஸ்கிம்டு மில்க்' என்று போட்ட பாலைக் கேட்டு வாங்குங்கள். அதில் கொழுப்பு அதிகபட்சம் 0.5 சதவீதம்.

மொத்தம் இரண்டரை லிட்டர் தேவை. ஒன்றரை லிட்டரைத் தயிராக உறைய வைத்து, மெல்லிய துணியில் கட்டி, ஃபிரிட்ஜுக்குள்ளேயே ஒரு ராத்திரி தொங்க விடுங்கள். சுமார் 500 கிராம் வரும். டிசம்பர், ஜனவரியில் பெங்களூரில் தயிர் உறைய அடம்பிடிக்கும். பாத்திரத்தை அணைத்து வைத்த ஓடிஜிக்குள் வைத்தால் சரியாகிவிடும். மீதி ஒரு லிட்டரை எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்தால் சுமார் 150 கிராம் பனீர் கிடைக்கும். கொழுப்பில்லாத பனீர் ரப்பர் மாதிரி இறுகக்கூடியது. அதனால் பிழிந்து பலகை மாதிரி அழுத்தாமல், சூடு ஆறுவதற்குள் கொஞ்சம் கெட்டித் தயிரோடு மிக்ஸியில் போட்டு வெண்ணெய் பதத்துக்கு அரைத்துவிடுங்கள். விரலில் தேய்த்தால் ஒரு குருணைகூடத் தட்டுப்படக் கூடாது.

சரி, எப்படிச் செய்றது?

அடித்தளத்துக்கு பிஸ்கட்டும் வெண்ணெயும் வேண்டாம். 50 கிராம் ஓட்ஸை வறுத்துப் பொடித்து, 30 கிராம் பேரீச்சம்பழம், ஒரு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பிசைந்து, அடி கழலும் 8 இன்ச் டின்னில் அழுத்துங்கள். 170 டிகிரியில் 10 நிமிடம்.

அரைத்த பனீர், மீதித் தயிர், சர்க்கரை, 30 கிராம் ஸ்கிம்டு மில்க் பவுடர், ஒரு டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளார், வெனிலா, கொஞ்சம் எலுமிச்சைத் தோல் துருவல் எல்லாவற்றையும் கலக்குங்கள். கார்ன்ஃப்ளாரை விட்டுவிடாதீர்கள், கொழுப்பு செய்துகொண்டிருந்த தடுப்பு வேலையில் பாதியை இனி அதுதான் செய்யப்போகிறது. கடைசியில் ஒரு முழு முட்டையும் மூன்று வெள்ளைக்கருவும். பீட்டரைத் தொடாமல் கரண்டியாலேயே கலக்குங்கள். காற்று புகுந்தால் அடுப்பில் உப்பி, வெளியே வந்ததும் வெடிக்கும்.

பெரும்பாலான வாடகை வீடுகளில் இருக்கும் சின்ன ஓடிஜியில் கம்பிகள் டின்னுக்கு மிக அருகில் இருக்கும். ஓரம் வெந்து இறுகும்போது நடு இன்னும் தளதளவென்று இருக்கும். தீர்வு, வெந்நீர்த் தட்டு. டின்னின் அடியில் ஃபாயில் சுற்றி, பாதி உயரத்துக்கு வெந்நீர் ஊற்றிய தட்டில் வையுங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் தண்ணீர் கிட்டத்தட்ட 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஓடிஜி எவ்வளவு சூடானாலும் தண்ணீர் அதற்கு மேல் போகாது. சென்னையைவிட 3 டிகிரி சலுகை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

150 டிகிரியில் 50 முதல் 60 நிமிடம். டின்னை அசைத்தால் ஓரம் நின்று, நடுவில் மட்டும் ஜெல்லி மாதிரி ஆட வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் நடுப்பகுதி 70 டிகிரியைத் தொட்டதும் அணைத்துவிடுங்கள். 'இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கட்டுமே' என்ற நினைப்புதான் இந்த கேக்கின் முதல் எதிரி. கதவை லேசாகத் திறந்து ஒரு மணி நேரம் ஆறவிட்டு, பிறகு ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி.

கணக்கு தேறுகிறதா?

ஆறிய கேக் சுமார் 950 கிராம் இருக்கும். புரதம் தோராயமாக 109 கிராம், கொழுப்பு 21 கிராம். அதாவது 100 கிராமில் புரதம் 11.4, கொழுப்பு 2.2. இரண்டு கோட்டையும் தாண்டியாச்சு, புரதத்தில் மட்டும் மயிரிழையில். எட்டுத் துண்டு போட்டால் ஒரு துண்டில் 13 கிராமுக்கு மேல் புரதம், சுமார் 170 கலோரி. இதே அளவு வழக்கமான சீஸ்கேக் 380 கலோரியை நெருங்கும்.

முட்டை சாப்பிடாதவர்கள் கார்ன்ஃப்ளாரை இரண்டு மடங்காக்கி, ஓட்ஸைத் தயிர் விட்டுப் பிசையலாம். அப்போதும் புரதம் 100 கிராமுக்கு 11-ஐ ஒட்டியே நிற்கும்.

வே புரோட்டீன் போடலாமா?

ஒரு ஸ்கூப் போட்டால் சுமார் 24 கிராம் புரதம் கூடும். ஆனால் வே புரதம் 70 டிகிரியைத் தாண்டினாலே இறுக ஆரம்பித்துவிடும். இரண்டாவது ஸ்கூப் போட்டால் கேக் ஸ்பாஞ்சு மாதிரி காய்ந்துபோகும். தவிர, தசை வளர்க்க புரோட்டீன் சப்ளிமென்ட்டுகளைத் தவிர்க்குமாறு ஐசிஎம்ஆர் - தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது. பாலும் முட்டையுமே இலக்கைத் தொட்டுவிடும்போது அந்த ஸ்கூப்பின் அவசியம் இங்கே குறைவுதான்.

அந்த டப்பாவில் அடைத்து விற்கப்படும் வே, பால் திரிந்த பிறகு மிஞ்சும் தண்ணீரிலிருந்து பிரித்தெடுப்பதுதான். உங்கள் துணிக்கு அடியில் இருக்கும் பாத்திரத்திலும் அதே தண்ணீர்தான் ஒன்றரை லிட்டருக்கு மேல் நிற்கிறது. சப்பாத்தி மாவு பிசைய அதை எடுத்து வையுங்கள். கேக் ஃபிரிட்ஜில் நாலு நாள் தாங்கும்.