பையான்: பெரிதாக நம்பி, கைவிட்ட ஒரு சிகிச்சை

புரோட்டான் சிகிச்சை பற்றி நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. சென்னையிலேயே 2019இல் ஒரு மையம் வந்துவிட்டது. ஆனா 1970களில் அதைவிடப் பெரிய நம்பிக்கையைச் சுமந்த துகள் ஒன்று இருந்தது: பையான். இன்றைக்கு அதை வைத்து யாரும் வைத்தியம் பார்ப்பதில்லை.

அணுக்கருவைக் கட்டி வைக்கும் விசைக்கு இப்படியொரு துகள் இருக்கணும் என்று ஜப்பானின் யுகாவா 1935இல் கணக்குப் போட்டுச் சொன்னார். 1947இல் பிரிஸ்டலில் பவலின் குழு அதைக் கண்டுபிடித்தது. இருவருக்கும் நோபல் கிடைத்தது.

புற்றுநோய்க்கு இது எதுக்கு? எக்ஸ்ரே, நுழைந்த இடத்திலிருந்தே ஆற்றலைக் கொட்டிக்கொண்டு கட்டியைத் தாண்டியும் போகும். மின்னூட்டமுள்ள துகள், தான் நிற்கப்போகிற இடத்தில்தான் அதிகம் கொட்டும். எதிர் மின்னூட்டப் பையான் இன்னொரு வேலையும் செய்யும். அது நின்றதும் பக்கத்து ஆக்சிஜன், கார்பன் அணுக்கரு அதை விழுங்கிவிட்டு, தானே வெடித்துச் சிதறும். கட்டிக்குள்ளேயே குட்டிக் குட்டி வெடிகுண்டுகள்! 1961இல் ஃபவுலரும் பெர்க்கின்ஸும் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார்கள். காகிதத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

ஆனா பையானின் ஆயுள் ஒரு நொடியில் சுமார் 4 கோடியில் ஒரு பங்கு. சேர்த்து வைக்க முடியாது, அங்கேயே உண்டாக்கணும். அதுக்கு ராட்சத துகள் முடுக்கி வேண்டும். அதனால் நோயாளிகள்தான் இயற்பியல் கூடங்களைத் தேடிப் போனார்கள்: 1974 முதல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் (அணுகுண்டு செய்த அதே ஊர்தான்), பிறகு சுவிட்சர்லாந்தின் வில்லிகன், கனடாவின் வான்கூவர்.

சிலருக்குக் கட்டி சுருங்கியது. ஆனா வழக்கமான கதிர்வீச்சிலும்தானே சுருங்குது? இதைக் கேட்டதுதான் வான்கூவர்க்காரர்களின் பெருமை என்பேன். மூளைக் கட்டி, புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பையான், மற்றதுக்கு வழக்கமான கதிர்வீச்சு கொடுத்தார்கள். பையான் மேலாக இல்லை. பெரிய கட்டி முழுவதும் படும்படி கற்றையைப் பரப்பும்போது அந்த வெடிப்புகளின் பலனும் நீர்த்துப் போயிருந்தது.

லாஸ் அலமோஸ் 80களின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டது. வில்லிகன் 90களின் தொடக்கத்தில், வான்கூவர் 1994இல்.

வில்லிகன்காரர்கள் பையான் கற்றையைக் கட்டியின் வடிவத்துக்கேற்ப நகர்த்திப் பாய்ச்சப் பழகியிருந்தார்கள். அந்த அனுபவத்தைப் புரோட்டானுக்குத் திருப்பினார்கள். கட்டியைப் புள்ளி புள்ளியாக நிரப்பும் முறையில் 1996இல் அங்கே முதல் நோயாளிக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். இன்றைய புரோட்டான் மையங்கள் பலவற்றில் நடப்பது அதே முறைதான்.